அருவிக் கட்டத்தில் நானும் என் மகளும்

நாற்பத்தேழு வயதில் நான் டிவி கேம் விளையாடுகிறேன். இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் நினைக்கிறார். என் நாத்தனார் அதைத் தெருவுக்கே சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிற ஒருத்தி, வளர்ந்த மகளோடு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துக்கொள்ளட்டும். ஏன் விளையாடுகிறேன் என்பதை மட்டும் எழுதி வைத்துவிடுகிறேன்.

என் மகள் விவசாயப் படிப்பு முடித்தவள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. செடியில் என்ன பூச்சி விழுந்திருக்கிறது, மண்ணுக்கு என்ன குறை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காலையில் காய் எடுக்கப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறுவாள், சாயங்காலம் பஸ்ஸில் இறங்குவாள். போன ஆடியில் ஒரு நாள் அவள் பஸ்ஸில் வரவில்லை. நான்தான் போன் பண்ணி, "மூணு மணிக்கெல்லாம் வீட்டுல இருக்கணும், வெரசா வா" என்று சொல்லியிருந்தேன். அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். நாத்தனார் கொண்டுவந்த இடம். அவள் லோடு இறக்கிவிட்டுத் திரும்புகிற ஒரு ஜீப்பில் ஏறினாள். மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே, சாரலில் நனைந்து கிடந்த ஒரு வளைவில் ஜீப்பு வழுக்கித் தடுப்புச் சுவரில் மோதி, ரோட்டிலேயே கவிழ்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கவிழவில்லை. டிரைவருக்கு விலா எலும்பு. என் மகளுக்கு வலது கை மணிக்கட்டு உடைந்து, கட்டைவிரலை அசைக்கிற நரம்பும் அறுந்துபோயிற்று.

தேனி ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து நரம்பை இணைத்தார்கள். கைக்குக் கட்டுப் போட்டு வைத்திருந்து, பிறகு பயிற்சி சொன்னார்கள். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். அவள் நாலு நாள் அமுக்கினாள். ஐந்தாம் நாள் பந்து சோபாவுக்கு அடியில் கிடந்தது. கேட்டால், "வலிக்குதும்மா" என்பாள். மதியம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது அந்தச் சுவர்தான் எனக்குத் தெரியும். ரோட்டில் ஜீப்பு ஹாரன் கேட்டால் என் கையிலிருக்கிற சாக்பீஸ் நின்றுவிடும். இன்றைக்கும் நிற்கிறது.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்தான். வரும்போது ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். டிவியில் மாட்டலாம், கழற்றிக் கையிலும் வைத்துக்கொள்ளலாம் என்கிற புதுமாதிரி விளையாட்டுப் பெட்டி. அவன் மகனுக்கு வாங்கியது, மகன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான்.

"ஆத்தா, இந்தா. பந்தை அமுக்க வலிச்சா பட்டனை அமுக்கு" என்று என் மகள் மடியில் வைத்தான்.

"மாமா, எனக்கு என்ன எட்டு வயசா?"

"எட்டு வயசுக்காரிக்கு இது வராது. உங்கம்மாவுக்கு வரும். கேளு."

அதில் பழைய விளையாட்டுகளை ஒன்றாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். சட்டையில்லாமல் இரண்டு சிப்பாய்கள், ஒருவனுக்கு நீலக் கால்சட்டை, ஒருவனுக்குச் சிவப்பு, ஆளுக்கொரு துப்பாக்கியோடு காட்டுக்குள் குதித்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். அந்த ஆட்டத்தின் பாட்டுச் சத்தம் கேட்டதும் கரண்டியோடு வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் அப்பா மலையில் ஒரு தோட்டத்தில் ஸ்டோர் மேஸ்திரியாக இருந்தார். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். நானும் தம்பியும் போடியில் படித்துவிட்டு, லீவுக்கு மலைக்குப் போவோம். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது காலாண்டு லீவில், தம்பி தன் கூட்டாளியிடம் டிவி கேமையும் இந்த விளையாட்டுக் கேசட்டையும் இரவல் வாங்கிவந்தான். போடியில் இதற்கென்றே ஒரு கடை இருந்தது. பையன்கள்தான் போவார்கள். நான் அந்த வாசலைத் தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்தால்கூட, "பொட்டப்பிள்ளைக்கு இங்க என்ன சோலி?" என்பார் கடைக்காரர். மலையில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு ஒரே நாளில் கை பழகிவிட்டது. மூன்றாம் நாள் பாயிண்டில் தம்பி என்னிடம் தோற்றான். தோற்ற ஆத்திரத்தில் சிவப்புக் கால்சட்டைதான் ராசியில்லை என்று சொல்லி நீலத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

அது அடை மழைக் காலம். மலையில் ஈரம் எதையும் விடாது. தீப்பெட்டி பற்றாது, உப்பு இளகிவிடும். கேசட்டுக்குள்ளும் ஈரம் போய், படம் வராமல் வெறும் கோடு கோடாக ஓடியது. ஊதிப் பார்த்தோம், துணியால் துடைத்துப் பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஒன்று இருந்தது. ஈரமாயிருப்பது எதுவாக இருந்தாலும் ஸ்டோருக்குள் வைத்தால் காய்ந்துவிடும். எங்கள் யூனிபாரம் அங்கேதான் காயும், அம்மா போட்ட வடகம் அங்கேதான் காயும். தம்பி கேசட்டை ஏலக்காய்த் தட்டில், காய்களுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தான். விறகுச் சூட்டுக்கு ஏலக்காய் தாங்கும், பிளாஸ்டிக் தாங்காது என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் தட்டை வெளியே எடுக்கும்போது அப்பா கத்தின கத்தல் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகள் வரைக்கும் கேட்டது. "காயோட இதையும் காயப் போட்டது எந்த எருமை?"

சல்லடை போட்டு, மில்லிமீட்டர் கணக்கில் காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து பார்த்தார்கள். ஒருத்தி கேசட்டைக் கையில் வாங்கித் திருப்பினாள். "மேஸ்திரி, இது எத்தனை மில்லி காயி? எந்தச் சல்லடையிலயும் விழுகாது போலருக்கே" என்றாள். அடுத்தவள் முகர்ந்து பார்த்து, "வாசம் நல்லாத்தான் ஏறியிருக்கு, ஏலத்துக்கு விட்டுரலாம்" என்றாள்.

ஒரு மூலை வளைந்துபோயிருந்தது. ஆனால் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் ஓடியது. காடு வந்தது, அடுத்து நீளச் சுரங்கம் வந்தது, மூன்றாவதாக அருவி வந்தது. அருவியில் பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். உச்சிக்குப் போகும்போது படம் அப்படியே உறைந்துவிடும். எத்தனை தரம் போட்டாலும் அங்கேதான் நின்றது. கூட்டாளிக்குத் தம்பி தன் கிரிக்கெட் மட்டையைக் கொடுத்துச் சமாதானம் செய்தான். வளைந்த கேசட் எங்களுடையதாயிற்று. அருவிக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமலே நான் கல்யாணமாகிப் போடிக்கு வந்தேன்.

அந்தப் பாட்டுச் சத்தத்தைக் கேட்டுக் கரண்டியோடு ஓடிவந்ததற்கு இதுதான் காரணம்.

முதல் வாரம் மகளால் எதுவும் முடியவில்லை. நடக்கிற பட்டன் இடது கையில், அது ஓடியது. சுடுவதும் குதிப்பதும் வலது கட்டைவிரலில். குதி என்று அவள் நினைப்பதற்கும் விரல் அமுங்குவதற்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆனது. அதற்குள் குண்டு வந்துவிடும். முதலிலேயே சில பட்டன்களை ஒரு வரிசையில் தட்டினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர் கிடைக்கும் என்று போனில் பார்த்துச் சொன்னாள். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், கடைசியில் வலது விரலால் இரண்டு தட்டு. அந்த இரண்டு தட்டில்தான் தவறும். உட்கார்ந்து அதையே தட்டினாள். பத்துத் தரம், இருபது தரம். ரப்பர் பந்தை ஐந்து தரம் அமுக்க மாட்டேன் என்றவள், முப்பது உயிருக்காக அறுபது தரம் தட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூலையில் முப்பது என்று விழுந்தபோது கத்தினாள் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், விக்கெட்டா?" என்றார்.

இப்படிக் குறுக்கு வழியில் முப்பது உயிர் வாங்குவது நியாயமா என்று தம்பி போனில் கேட்டான். நாங்கள் அதோடு நிற்கவும் இல்லை. புதுப் பெட்டியில், வந்த இடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, செத்தால் அங்கிருந்தே தொடங்கலாம். அதையும் செய்தோம். எனக்கு வெட்கமே இல்லை. ஒரு உயிரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் நான். யாராவது முப்பது கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். அறுபது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன்.

நாத்தனார் வந்தது அப்படியொரு நாள்தான். எங்கள் இரண்டு பேர் கையிலும் கண்ட்ரோலர். வாசலிலேயே நின்று பார்த்தார்.

"ஏத்தா, கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளைய வச்சுக்கிட்டு டுமீல் டுமீல்னு சுட்டு விளையாடுறீகளா?"

"உக்காருங்க மதினி. இந்த ஆளைக் கொன்னுட்டு வர்றேன்" என்றேன். மகள் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல வாரம் ஆகியிருந்தது.

நாத்தனார் சிரிக்கவில்லை. அதே மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கை தேறிவிட்டால் அவர்களுக்குச் சம்மதம். ஆனால் மலை வேலை வேண்டாம். "ஜீப்புல தொத்திக்கிட்டுப் போற சோலி பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு? ஒரு தரம் சாமி காப்பாத்துச்சு" என்றார். என் வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "அக்கா சொல்றதும் ஞாயந்தானே" என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே எண்ணம்தான். அவர்கள் வாயால் வந்தது என்பதால் கோபம் வந்ததே தவிர, அவள் இனி அந்த வளைவுகளில் போகக் கூடாது என்று நான் அவர்களுக்கு முன்பே முடிவு செய்திருந்தேன். மகள் யாரையும் பார்க்காமல் கண்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் விரல் தேறிக்கொண்டுவந்தது. காட்டையும் சுரங்கத்தையும் தாண்டி அருவிக்கு வந்துவிட்டோம். இந்த விளையாட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காட்டில், முன்னால் போகிறவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும், பின்னால் இருக்கிறவன் நகரவில்லை என்றால் படம் நகராது. முன்னவன் காத்திருக்க வேண்டும். அருவியில் அப்படி இல்லை. மேலே போகிறவன் ஏற ஏறப் படமும் ஏறும். கீழே நிற்கிறவன் படத்துக்கு வெளியே போய்விடுவான், போனால் செத்தான். யாரும் சுட வேண்டாம், தொட வேண்டாம். நின்றதற்காகவே சாவான்.

ஆரம்பத்தில் அவள் குதிக்கத் தடுமாறியபோது நான் கீழேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் ஒரு பாறை ஏறினால் நான் ஒரு பாறை ஏறுவேன். அந்தப் பழக்கம் எனக்கு விடவில்லை. விரல் சரியான பிறகு அவள் குரங்கு மாதிரி தாவினாள். நான் மட்டும் கீழ்ப்பாறையில் நின்று மேலேயிருந்து உருளுகிற கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே மாலையில் ஒன்பது தரம் செத்தேன்.

"ஏம்மா அங்கயே நிக்கிற?"

"கல்லு உருளுதுடி."

"அது உருண்டுக்கிட்டேதான் இருக்கும். நிக்கவே நிக்காது."

"நீ கொஞ்சம் மெல்லப் போயேன். நீ ஏறினா நான் செத்துர்றேன்ல."

அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். "நான் ஏறலேன்னா ரெண்டு பேரும் இங்கயே நிக்க வேண்டியதுதான். தோட்டத்துல இருந்து போன் வந்துச்சும்மா. அடுத்த சுத்து காய் எடுப்பு தொடங்கிருச்சு, திங்கக்கிழமை வர்றியா இல்ல வேற ஆளைப் போடட்டுமான்னு கேக்குறாங்க."

"முடியாதுன்னு சொல்லிரு."

"முடியும்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இத்தனை நாளாக நெஞ்சுக்குள் இருந்தது அப்போது வந்துவிட்டது. "அன்னைக்கு வெரசா வான்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லாம இருந்தா நீ பஸ்ஸுல வந்திருப்ப. இன்னொரு தரம் என்னால முடியாது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீ சொன்னதுக்காக யாரு ஏறினா? நீ வெரசா வான்னு தினம்தான் சொல்ற. முன் சீட்டு காலியா இருந்துச்சு, மழை தூறுச்சு, ஏறினேன். எல்லாத்துக்கும் நீயே காரணமா இருக்கணுமாம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆறுதல் சொன்னாளா, வைதாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மலையில் காய் எடுக்கிற பெண்கள் சரிவில் கீழிருந்து மேலாக, ஆளுக்கொரு வரிசை பிடித்து ஏறுவார்கள். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு கிடக்கிற சரத்தில் காய்க்கும். உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்து வரிசைக்காரி இறங்கிவந்து இரண்டு தூரில் காய் எடுத்துக் கொடுப்பாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஏறுவார்கள். லீவு நாளில் நானும் எடுத்திருக்கிறேன். ஒரு தரம் அட்டைப்பூச்சிக்குப் பயந்து, மேலே ஏறாமல் ஒரே தூரில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வரிசை அக்கா மேலேயிருந்து கத்தினாள்: "ஏ பிள்ளே, எந்திரிச்சு வர்றவளுக்குத்தான் கை கொடுப்போம். ஒக்காந்துக்கிட்டவளுக்கு யாரு கொடுக்கிறது?" என் மகளுக்கு நான் கை கொடுத்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். உட்கார்ந்துவிட்டவள் நான்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததும் பயம் போய்விட்டதா என்றால், இல்லை.

"சரி, ஆட்டத்தைப் போடு" என்றேன்.

இந்தத் தரம் நான் முதலில் தாவினேன். கல் உருளுகிறதா என்று பார்க்கவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று பாறை. திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம்.

"அடிப்பாவி அம்மா! என்னைக் கொன்னுட்ட!"

"நீதானடி ஏறச் சொன்ன!"

"சொல்லிட்டு ஏறணும்!"

அதற்குப் பிறகு "ஏறு", "ஏறிட்டேன்", "வா" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஏறினோம். உச்சியில் ஒரு பெரிய பூதம் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தது. அதை அடித்து முடிக்க எனக்கு ஐந்து உயிர், அவளுக்கு ஏழு. படம் உறையவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, "மேல ஒரு பூதம் இருக்குடா" என்றேன். "அதுக்கா நான் மட்டையைக் கொடுத்தேன்?" என்றான்.

அடுத்த நாள் நாத்தனார் பதில் கேட்டு வந்தார். நான் காபி கொடுத்துவிட்டுச் சொன்னேன். "மதினி, அவுக வீட்டுல சொல்லிருங்க. என் பிள்ளை திங்கக்கிழமை வேலைக்குப் போறா. அது சம்மதம்னா வரட்டும்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பெத்தவளா நீ?"

"பெத்தவதான். அதனாலதான் ஜீப்பு ஹாரன் கேட்டா என் கையில சாக்பீஸ் நின்னுருது" என்றேன். "நின்னா நிக்கட்டும். அதுக்காக அவளைக் கட்டிப்போட முடியாது." என் வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அக்காவை வழியனுப்ப மட்டும் எழுந்தார்.

திங்கட்கிழமை காலை நானும் மகளோடு ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனேன். "பஸ் ஸ்டாண்டு வரைக்குந்தான்" என்று பொய் சொல்லிக் கூட நடந்தேன். ஜீப்பில் ஏற்கெனவே பெண்கள் தூக்குவாளிகளோடு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு நின்றார்கள். என் மகள் ஏறினாள். நான் போய் ஜீப்புக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"டீச்சரம்மா, நகருங்க" என்றார் டிரைவர்.

"ஆள் எண்ணிட்டு நகர்றேன். இதுல எத்தனை பேரு போகலாம்னு உங்களுக்கே தெரியும்ல, அண்ணே."

"அம்மா!" என்று உள்ளேயிருந்து மகள் பல்லைக் கடித்தாள்.

தொங்கிக்கொண்டிருந்த ஒருத்தி இறங்கி என்னிடம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். "ஏம்மா டீச்சரு, இத்தனை வருசமா நாங்க இப்படித்தான் போறோம். இன்னைக்கு உங்க பிள்ளை ஏறுனதும் உங்களுக்கு எண்ணத் தெரியுதோ?"

அவள் சொன்னது முழுக்க உண்மை. "ஆமா, இப்பத்தான் தெரியுது. தெரிஞ்ச பிறகும் நகர்ந்தா தப்பு" என்றேன். அவள் என்னை வைதாள். என் குடும்பத்தை வைதாள். பிறகு தொங்கிக்கொண்டிருந்த இன்னொருத்தியையும், உள்ளே வாளிமேல் உட்கார்ந்திருந்த ஒருத்தியையும் கையைப் பிடித்து இறக்கி, "வாங்கடி, பின்னால வர்ற ஜீப்புல போவோம். இந்தம்மா விடாது" என்றாள். பின்னால் ஜீப்பு வந்தது. நான் அதற்கு முன்னாலும் போய் நின்றேன். எட்டரைக்குள் பள்ளிக்கூடம் போக வேண்டும், ஆனால் அதற்கு இன்னும் நேரம் இருந்தது.

மூன்று வாரமாகத் தினமும் நிற்கிறேன். டிரைவர்கள் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம், மகள் சொல்ல மறுக்கிறாள். சில நாள் நான் ஜெயிக்கிறேன், சில நாள் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். என்னை வைத அந்தப் பெண் நேற்று தானாகவே ஆள் எண்ணிவிட்டு, "டீச்சரு, சரியா இருக்கு, வழியை விடு" என்றாள். மகள் முதல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமலே மலைக்குப் போனாள். பேசாமலே சாயங்காலம் வந்து, பேசாமலே சாப்பிட்டாள். மூன்றாம் நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்காவது வராம இரேன்" என்றாள்.

"வருவேன்" என்றேன்.